மரித்தோர் பட்டியலில் நான் எழுதிய பெயர்

என் அக்கா றோசலின் தைபோயிட் என்கிற நெருப்புக்காய்ச்சலில் இறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. எனக்குப் பதினைந்து. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், ஆடி மாதக் கடைசி. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. அரிசி இன்னும் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அக்கா பதினாறு நாள் படுக்கையில் கிடந்தாள். பதினாறாம் நாள் கோயிலில் மத்தியான மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் உயிர் போனது.

விசுவாசத்தில் என் உறவுகளான உங்கள் முன்னால் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். மாதா எனக்குச் செய்த நன்மையைச் சொல்வதானால் நான் செய்த கெட்ட வேலையையும் சொல்ல வேண்டும். அது முடியாமல் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் கார்த்திகையில் மறைப்பதற்கு இனி ஒருவரும் இல்லை. ஆகவே சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா உயிரோடு இருந்தபோதே எனக்கு அவள்மேல் எரிச்சல். அவள் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுவாள். எனக்குக் குரல் கிடையாது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே வரும் தலைமயிர். பின்னேரங்களில் அம்மா வாங்குப் பலகையில் இருந்துகொண்டு அதைச் சிக்கெடுத்துச் சீவிவிடுவார். என் தலையை, பேன் வந்ததென்று சொல்லி, காதோடு வெட்டிவிட்டிருந்தார்கள். அம்மாவின் கையில் அந்தச் சீப்பைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்படி எரிந்தவள்தான் அக்காவின் பெட்டியைக் கட்டிப்பிடித்து மற்ற எல்லோரையும்விடப் பலமாகக் கதறினேன். இரண்டும் உண்மைதான். இன்றைக்கு யாராவது பிள்ளை எனக்கு முன்னால் வந்து "எனக்குச் செத்தவள்மேல் பொறாமை" என்று அழுதால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா, சமைக்கிற குசினிக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கறுப்புச் சாயம் காய்ச்சினார். ஒரு வருஷத் துக்கம் காக்க வேண்டும். புதிதாகக் கறுப்புத் துணி வாங்க அந்தக் காலத்தில் யாரிடம் வசதி? இருக்கிற சட்டைகளைத் தோய்த்து எடுப்பதுதான் வழக்கம். என் மூன்று சட்டைகளும் தகரத்துக்குள் போயின. கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்குத் தைத்த மஞ்சள் பூச்சட்டையும் போயிற்று. அம்மா தடியால் அமுக்கி அமுக்கிக் கிண்டினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். சாப்பாடு போடுவார், தலை துடைப்பார், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா வேலையால் வந்து செபமாலையோடு குந்திவிடுவார். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் நான் தனியாளாகத்தான் இருந்தேன்.

அக்காவின் சட்டைகளை அம்மா சாயத்தில் போடவில்லை. நிறம் நிறமாக ட்ரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்தார். அதில் ஒரு நீலச் சட்டை, வெள்ளைக் கொலர் வைத்தது. அக்காவுக்குச் சின்னதானால் அது எனக்கு என்று போன நத்தாரிலேயே பேச்சு. துக்கம் முடிந்ததும் போடலாம் என்று நான் மனதுக்குள் எடுத்து வைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் வயதொத்த ஓர் ஏழையை அழைத்து, இறந்தவர் இருந்த கதிரையில் இருத்தி, முதல் சோறு போட்டு, உடுப்பும் கொடுத்து அனுப்புவது. துறைமுகத்துப் பக்கம், தோட்டம் என்று சொல்லும் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீட்டில் இருந்த பிலோமினாவை அம்மா கூப்பிட்டார். அவளுக்கும் பதினேழு. தகப்பன் கரிமூட்டை சுமந்து செத்தவர். தாய் மதலேனம்மா போன வருஷம் போய்விட்டார். சிற்றன்னை வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அக்காவின் கதிரையில் இருந்தாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் அம்மா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அந்த நீலச் சட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அம்மா, அது..." என்றேன். அம்மா காதில் வாங்கவில்லை.

"போட்டுக்கொண்டு வா பிள்ளை, பார்ப்பம்" என்றார் அவளிடம்.

போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா முப்பத்தொரு நாளுக்குப் பிறகு முதல் முறையாக ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குரியது. கறுத்த சட்டையோடு கதவோரத்தில் நின்ற எனக்குரியது. அதை வந்த கையோடு ஒருத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நாள் சோற்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறும் அம்மா கூப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். பிறகு புதன்கிழமைகளில் தையல் பழக வந்தாள். "மாமி, மாமி" என்று குசினிக்குள் அம்மாவின் பின்னால் திரிந்தாள். அம்மா அவளோடு கதைத்தார், ஒரு தரம் சிரிக்கவும் செய்தார். ஒரு பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், அதே வாங்கு, அதே சீப்பு, அம்மா அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறார். நான் புத்தகங்களை நிலத்தில் போட்ட சத்தத்துக்குக்கூட அவர் திரும்பவில்லை.

"தங்கச்சி வந்திட்டா மாமி" என்றாள் பிலோமினா.

"நான் உமக்குத் தங்கச்சி இல்லை" என்றேன். "என்ர அக்கா சேமக்காலையில கிடக்கிறா."

அவள் எழும்பி வந்து என் புத்தகங்களைப் பொறுக்கி அடுக்கினாள். கோபித்திருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். அவள் நல்லவளாக இருந்ததுதான் என்னைக் கொன்றது. கோயில் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நான் நிறுத்தினேன். செபமாலை சொல்லும்போது வாய் அசையும், மனம் அவளைக் கரித்துக்கொண்டிருக்கும்.

கார்த்திகை ஆத்துமாக்களின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மரித்தோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கோயில் பெட்டியில் போடும். ஆத்துமாக்கள் திருநாளன்றும், பிறகு ஞாயிறுகளிலும் பூசைக்கு முன்னால் உபதேசியார் அவற்றை வாசிப்பார். சபை முழுவதும் அவர்களுக்காகச் செபிக்கும். எங்கள் வீட்டுத் தாளை வருஷா வருஷம் நான்தான் எழுதுவேன். என் கையெழுத்து முத்துப்போல என்று அம்மாவே சொல்லுவார். அக்காவைவிட எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பெயர்களைச் சொன்னார். "முதல்ல றோசலினைப் போடு." எழுதினேன். பிறகு அப்பாவின் தாய் தகப்பன், அம்மாவின் தமையன். முடிந்தது என்று பேனையை மூடப்போகும்போது பிலோமினா மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, என்ர அம்மாவையும் இதில எழுதலாமா? சின்னம்மா வீட்டில தாள் போடுறேல்லை."

"இதென்ன கேள்வி பிள்ளை? திரேசா, எழுது. மதலேனம்மா."

கதிரை போயிற்று, சட்டை போயிற்று, சீப்பும் போயிற்று. இப்போது எங்கள் செத்தவர்களின் வரிசையிலும் இவளுக்கு இடம் வேண்டுமா? எனக்குள் எதுவோ பொங்கி வந்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சின்னப்பிள்ளைத்தனம் என்று இன்று சொல்லித் தப்ப மாட்டேன். மதலேனம்மா என்று எழுத வேண்டிய இடத்தில், என் முத்துக் கையெழுத்தில், தகப்பன் பெயரோடு, "அந்தோனிப்பிள்ளை பிலோமினா" என்று எழுதினேன். தாளை மடித்தேன். நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

ஆத்துமாக்கள் திருநாள் காலை கோயில் நிரம்பி வழிந்தது. எங்கள் வாங்கில் அம்மா நடுவில் இருந்தார், ஒரு பக்கம் நான், மறுபக்கம் பிலோமினா. உபதேசியார் வாசிக்கத் தொடங்கினார். றோசலின் பெயர் வந்ததும் அம்மா முக்காட்டுக்குள் விம்மினார். பிலோமினா தன் தாயின் பெயருக்காகக் கைகூப்பிக்கொண்டு காத்திருந்தாள். உதடு முன்கூட்டியே செபத்தைத் தொடங்கியிருந்தது.

"அந்தோனிப்பிள்ளை பிலோமினா" என்று வாசித்தார் உபதேசியார்.

அவளைத் தெரிந்த பெண்கள் நாலு வாங்குக்கு அப்பாலிருந்தும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ மாதாவே, உசிரோட இருக்கிற பிள்ளையெல்லே" என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். உபதேசியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பிலோமினாவின் உதடு நின்றுபோனது. கூப்பிய கையை அவள் எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "நீதானே எழுதினனீ?"

"அவசரத்தில மாறிப்போச்சு" என்றேன்.

அம்மா அதை நம்பினாரோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. ஆனால் பிலோமினா அடுத்த ஞாயிறு வரவில்லை. புதனும் வரவில்லை. ஒரு கிழமை எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அம்மா இனி என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் பேச்சு நின்றது. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். நான் விரட்டியது பிலோமினாவை மட்டுமல்ல, அம்மாவுக்கு வந்திருந்த கொஞ்ச உயிரையும் விரட்டிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு காலை பக்கத்து வீட்டுக்காரி வாசல் படலையில் நின்று சொன்னாள்: "கேட்டியளே? அந்தத் தோட்டத்துப் பெட்டைக்கு நெருப்புக்காய்ச்சலாம். இண்டையோட ஆறு நாள். செத்தவையோட பேர் வாசிச்சாப் பிறகு எங்க தப்புறது?"

நான் கோயிலுக்கு ஓடினேன். மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். மூன்று மாதத்தில் அன்றுதான் நான் உண்மையாகச் செபித்தேன். அழகான செபம் ஒன்றும் வரவில்லை. "மாதாவே, அவளைச் சாகவிடாதேயுங்கோ. நான்தான் எழுதினனான். அவள் பிழைச்சால் அம்மாவை அவளே வைச்சுக்கொள்ளட்டும். நான் கேக்கமாட்டன்." இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சொல்லும்போதே உள்ளே ஒரு குரல், "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ" என்றது. அதையும் மாதா கேட்டிருப்பார்.

அந்த வாக்குக் கொடுத்த பிறகு பொய்யோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. செபத்துக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான், வாய் திறந்தது. அம்மா குசினியில் இருந்தார். "மாறிப்போகேல்லை அம்மா. வேணுமெண்டுதான் எழுதினனான்" என்றேன்.

கன்னத்தில் விழுந்தது ஒரு அறை. அம்மா அதற்கு முன்னும் பின்னும் என்னை அடித்ததில்லை. அடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளில உனக்கு என்னடி அவ்வளவு வன்மம்?"

"நீங்கள் அவளைத்தான் பாக்கிறியள். என்னைப் பாக்கிறேல்லை. அக்கா செத்த நாளிலயிருந்து ஒருநாள்கூட என்னைப் பாக்கேல்லை."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "உன்னைப் பாத்தால் அவளின்ர முகம் தெரியுது பிள்ளை. அதே கண், அதே நாடி. நான் எப்பிடிப் பாப்பன்? அந்தப் பிள்ளை ஆரோ. அதால பாக்க ஏலுமாயிருந்தது."

ஊரெல்லாம் அழகி என்று சொன்ன அக்காவின் முகம் எனக்கு இருந்ததாம்! பதினைந்து வருஷமாக அதற்குத்தானே ஏங்கினேன். அதுதான் அம்மாவை என்னிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது. நான் அம்மாவின் மடியில் விழுந்தேன். இரண்டு பேரும் அழுதோம். அக்கா செத்த பிறகு சேர்ந்து அழுதது அன்றுதான். பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "பார்லி எடு. வெளிக்கிடு" என்றார்.

அன்றிலிருந்து பத்து நாள், பிலோமினாவின் சின்னம்மாவுடைய ஒற்றை அறை வீட்டில் நாங்கள் இருவரும் கிடந்தோம். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பார்லித் தண்ணீர், தோடம்பழச்சாறு, நெற்றியில் ஈரத்துணி. அக்காவிடம் செய்த ஒவ்வொன்றையும் அம்மா மறுபடி செய்தார். பிலோமினா பிதற்றினாள். தலைமயிர் கைப்பிடி கைப்பிடியாய்க் கொட்டியது, அதை நான் பெருக்கி எடுத்தேன். என்னால்தான், என்னால்தான் என்று பெருக்கினேன்.

பதினாறாம் நாள் காலை அம்மாவுக்குக் கை ஓடவில்லை. அக்கா போனதும் பதினாறாம் நாள்தான் என்று அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். டிஸ்பென்சரி டாக்குத்தர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இண்டைக்குப் பாக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறியது. நான் கட்டிலடியில் முழங்காலில் இருந்தேன். மத்தியான மணி அடிக்கத் தொடங்கியது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மணி அடித்து ஓய்ந்தது. நான் பிலோமினாவின் கையைத் தொட்டேன். ஈரம். நெற்றியைத் தொட்டேன், அங்கும் வேர்வை. "அம்மா!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து தேமாமீற்றரை வைத்தார். கண் நிறைந்திருந்ததால் அவரால் பார்க்க முடியவில்லை. "நீ வாசி" என்று என்னிடம் நீட்டினார். நாட்கணக்காக நூற்று நாலில் நின்றது நூற்றிரண்டுக்கு இறங்கியிருந்தது. பின்னேரம் இன்னும் குறைந்தது. டாக்குத்தர் மறுநாள் வந்து, கண்டம் தாண்டியது என்றார். அதே காய்ச்சல், அதே பதினாறாம் நாள், அதே மணி. அன்று எடுத்தவர் இன்று கொடுத்தார். ஏன் அக்காவை எடுத்தீர் என்று நான் இன்றும் அவரிடம் கேட்பதுண்டு. ஆனால் இவளைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லாமல் ஒரு நாளும் படுத்ததில்லை.

அவளுக்குத் தெளிவு வந்ததும் நான் உண்மையைச் சொன்னேன். அவள் மெல்லச் சிரித்தாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் எங்கட அம்மாவிட்டச் சொல்லேல்லை?"

"என்னத்துக்கு? என்ர பேரைக் கோயில்ல ஆரும் வாசிச்சது அதுதான் முதல் தரம். எனக்காகவும் இவ்வளவு சனம் செபிக்குதே எண்டு ஒரு கணம் சந்தோசமாயும் இருந்தது." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அம்மாவின்ர பேர் வரேல்லை. அதுக்குத்தான் அழுதனான்."

நான் செய்ததில் எது பெரிய பாவம் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தாள் ஒன்று எடுத்து, ஒரே ஒரு பெயர் எழுதினேன். கார்த்திகையின் கடைசி ஞாயிறு உபதேசியார் "மதலேனம்மா" என்று வாசித்தார். அம்மா நோயாளியோடு நின்றதால் நான் தனியாக எங்கள் வாங்கில் இருந்து, சபையோடு சேர்ந்து, அந்த முகம் தெரியாத தாய்க்காகச் செபித்தேன். பிறகு ஓடிப்போய்ப் பிலோமினாவிடம், "வாசிச்சாச்சு அக்கா" என்றேன். அக்கா என்ற சொல் தானாக வாயில் வந்தது.

அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பொறாமை போய்விட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவை அவளுக்குக் கொடுத்தேன் என்று திங்கட்கிழமை நினைப்பேன், செவ்வாய்க்கிழமை திருப்பிப் பிடுங்குவேன். ஆனால் பிடுங்கிய கையோடு மன்னிப்புக் கேட்கப் பழகினேன். அம்மா கொஞ்சம் கொஞ்சமாக என் முகத்தைப் பார்க்கப் பழகினார். முதலில் ஒரு நிமிஷம், பிறகு ஒரு சாப்பாட்டு நேரம். துக்கம் முடிந்த நத்தாருக்குப் பிலோமினா அந்த நீலச் சட்டையைப் பிரித்து, மடிப்பை இறக்கி, எனக்கு அளவாய்த் தைத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். "இது உனக்கு வர இருந்ததெண்டு மாமி இப்பத்தான் சொன்னா. நீ ஏன் வாய் திறக்கேல்லை, விசரி?" என்று ஏசினாள்.

நான் கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்குப் போனேன். அவள் கொட்டாஞ்சேனையிலேயே கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அம்மாவின் உயிர் போனதும் அவள் கையில்தான். கடைசியாக "பிள்ளை" என்று கூப்பிட்டாராம். யாரைக் கூப்பிட்டார் என்று கேட்டேன். "உன்னைத்தான்" என்றாள். எனக்காகப் பொய் சொன்னாளோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

என் அன்பானவர்களே, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள் மனதில் எழும்புகிற அசிங்கத்தைப் பார்த்துப் பயந்து கோயிலுக்கு வெளியே நிற்காதீர்கள். அதையும் தூக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள். நான் கொண்டுபோனதைவிட அசிங்கமானதை நீங்கள் கொண்டுவந்துவிட முடியாது. என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார்.

இந்த வருஷம் புரட்டாதியில் பிலோமினா இறந்தாள். நரைத்து, பேரப்பிள்ளைகள் கண்டு, நித்திரையில் போனாள். போன கிழமை நான் தாளை எடுத்தேன். கை நடுங்குகிறது, முத்துக் கையெழுத்து எப்போதோ போய்விட்டது. றோசலின், அப்பா, அம்மா, மதலேனம்மா. அதற்குக் கீழே, இரண்டாம் முறையாக, "அந்தோனிப்பிள்ளை பிலோமினா" என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். அழுகைக்குள்ளும் பழைய எரிச்சல் எட்டிப்பார்த்தது: பார், இதிலும் முந்திக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாளே!

எனக்குப் பிறகு இந்தத் தாளை எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். என் பெயரை அம்மாவுக்குப் பக்கத்தில் போடச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். பிலோமினாவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அம்மா அங்கேதான் இருப்பார்.